வெந்நீரில் வெந்த மவுத்பீஸ்

"என்னங்க, இது ஏன் பச்சையா மாறிக்கிட்டு வருது?"

சமையலறையிலிருந்து வந்த கேள்விக்கு ஆய்வாளர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கீரைன்னா பச்சையாத்தான் இருக்கும்."

"கீரை இல்லங்க. உங்க சாக்ஸபோன்ல வாயில வைக்கிற கறுப்புத் துண்டு."

செய்தித்தாள் ஒரு பக்கம் பறந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது. ஆய்வாளர் சமையலறைக்குப் பறந்தார்.

அடுப்பில் பால் காய்ச்சும் பாத்திரம். அதில் தளதளவென்று வெந்நீர். அதற்குள் அவருடைய மவுத்பீஸ் குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

"ஐயையோ! இதைப் போய் யாராவது வேக வைப்பாங்களா?"

"வாயில வைக்கிற சாமான். முப்பது வருஷத்துக்கு மேல பெட்டியில கிடந்திருக்கு. கொதிக்க வைக்காம எப்படி வாயில வைப்பீங்க? கிருமி இருக்காதா?"

"இப்போ கிருமி செத்துப்போச்சு. கூடவே மவுத்பீஸும் செத்துப்போச்சு."

நர்ஸம்மா இடுக்கியால் அதைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்பாக உள்ளே போனது பாசி பிடித்த பச்சையாக வெளியே வந்திருந்தது. போதாக்குறைக்கு, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருப்பவள். அவள் கைக்குப் போன எந்தப் பொருளும் வெந்நீரைப் பார்க்காமல் தப்பியதில்லை. பேரக்குழந்தையின் பொம்மை ரயில்கூட வெந்நீரில் முழுகி எழுந்துதான் தண்டவாளம் ஏறியது. நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தாள், பாவம்.

ஆய்வாளர், எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் இன்னும் அவர் ஆய்வாளர்தான். ஊரார் தராசுகளை எல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பார்த்து, காய்கறிக்காரர் கத்தரிக்காயை நிறுக்கும்போதுகூடக் குனிந்து முள்ளைத்தான் பார்ப்பார். அவருக்குள் ஒரு காலத்தில் ஒரு சோப்ரானோ சாக்ஸபோன் கலைஞன் இருந்தான் என்று சொன்னால் காய்கறிக்காரர் நம்பமாட்டார்.

சோப்ரானோ என்பது சாக்ஸபோன் குடும்பத்தில் சிறுசு. அண்ணன்மார் எல்லாம் வளைந்து நெளிந்து இருக்க, இது மட்டும் புடலங்காய் போல நேராக இருக்கும். கொஞ்சம் அசந்தால் வீல் என்று கத்திவிடும். அதைக் கெஞ்சி, கொஞ்சி, தாஜா செய்து வாசிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஆய்வாளர் அப்படித்தான் வாசித்தார். பிறகு வேலை மாற்றல், குழந்தைகள், இரைச்சல் பிடிக்காத வீட்டுக்காரர்கள் என்று ஒன்று மாற்றி ஒன்று வர, வாத்தியம் பரணுக்குப் போய்விட்டது.

இப்போது அது ஏன் கீழே இறங்கியது என்றால், நர்ஸம்மா வரும் சனிக்கிழமை ஓய்வு பெறுகிறாள். ஆஸ்பத்திரி அரங்கில் விழா. "உங்களுக்கு என்ன பரிசு வேணும், சிஸ்டர்? நீங்களே சொல்லுங்க" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். எல்லோரும் மிக்ஸி, பீரோ, சாய்வு நாற்காலி என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க, அவள் சொன்னாளாம்: "என் வீட்டுக்காரர் முன்னெல்லாம் ஒரு பாட்டு வாசிப்பாரு. அதை ஒருதரம் வாசிச்சா போதும்."

வாழ்க்கையில் அவள் அவரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் செய்யாவிட்டால் அவர் என்ன புருஷன்? உடனே ஏணி போட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். ஊதிப் பார்ப்பதற்குள் மவுத்பீஸ் வெந்துவிட்டது.

பச்சையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்தார்.

"கெட்டி ரப்பர் சார் இது. கந்தகம் கலந்து செய்யறது. சூடு பட்டா இப்படித்தான் நிறம் மாறும், நாறும், கோணிக்கும். யார் இதை வெந்நீர்ல போட்டது?"

"தலைமை நர்ஸ்."

"பேஷன்ட் பிழைக்கமாட்டாரு சார். புதுசு வாங்கிக்குங்க. எந்த மாதிரி சத்தம் வேணும்?"

இதற்குப் பதில் சொல்ல ஆய்வாளருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் அவரிடம் ஒரு டேப் இருந்தது.

அந்தப் பாட்டு அவரே கட்டிய மெட்டு. அப்போது அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. அவள் டியூட்டி முடிந்து வரும் நேரத்துக்கு ஜன்னலோரம் நின்று அதை வாசிப்பார். தெருமுனை திரும்பும்போதே அவளுக்குக் கேட்கும். நடை வேகமாகும். வெள்ளைக் காலணியை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, உடைகூட மாற்றாமல் நேரே அடுப்புக்குப் போவாள். அவர் நிறுத்தாமல் வாசிப்பார். ஒருநாள் அலுவலக நண்பரிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வந்தார். அறையில் இருந்தது ஒரே ஓர் அலமாரித் தட்டு, அடுப்புக்கு மேலே. அதில் ரெக்கார்டரை வைத்துப் பட்டனை அமுக்கிவிட்டு, அந்தப் பாட்டை ஆரம்பம் முதல் கடைசிவரை வாசித்தார்.

அந்த டேப்பை அவள் டியூட்டிக்குப் போன பிறகு தனியாகத்தான் கேட்பார். தன் வாசிப்பைத் தானே ரசித்துக் கண் கலங்குவதை மனைவி பார்த்துவிட்டால் வெட்கக்கேடு. ஆனால் அந்த நாதம் இருக்கிறதே! பின்னால் குழாய் சொட்டும், யாரோ பாத்திரம் உருட்டுவார்கள், எல்லாவற்றையும் தாண்டி அது வந்து நெஞ்சைத் தொடும். அப்படி வாசித்தது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வரும்.

"மேல மெல்லிசா இருக்கணும்" என்றார் கடைக்காரரிடம். "ஆனா அடியில ஒரு கனம் இருக்கணும். குளிர்ல கம்பளிக்குள்ள கையை விட்ட மாதிரி."

"நான் மவுத்பீஸ் விக்கிறேன் சார். கம்பளி எதிர்க்கடையில."

ஆனாலும் நல்ல மனிதர். கண்ணாடி அலமாரியிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் ஊதிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றின் தலையிலும் சின்ன ரப்பர் ஒட்டு ஒன்றை ஒட்டினார்.

"பல்லு பதியாம பார்த்துக்குங்க. பதிஞ்சா அது உங்களுது."

முதல் மவுத்பீஸுக்கு வாய் அகலம். ஆய்வாளர் அதை வாத்தியத்தில் பொருத்தி, ரீட் என்கிற நாணல் பட்டையை நாக்கில் நனைத்துப் பூட்டி, பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். காற்று போனது. காற்று மட்டும்தான் போனது. இன்னும் பலமாக ஊதினார். மிதிபட்ட வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. விடாமல் ஊதினார். சுவர் சுழன்றது.

கண் விழித்தபோது சோபாவில் படுத்திருந்தார். நர்ஸம்மா அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைவிட இது நல்லா ஊதுது" என்றாள்.

இரண்டாவது உலோகம். பளபளவென்று இருந்தது. இதற்கு மூச்சே தேவைப்படவில்லை. வாயருகில் கொண்டுபோனாலே கத்தியது. பாட்டின் முதல் வரியை முடிப்பதற்குள் மாடி வீட்டு வக்கீல் படியிறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"ஒண்ணுமில்ல, ஆம்புலன்ஸ் வந்து நின்னுக்கிட்டே இருக்கே, யாருக்கு என்னன்னு கேக்கலாம்னு வந்தேன்."

"அது நான் வாசிக்கிறது, சார்."

வக்கீல் வாத்தியத்தை எட்டிப் பார்த்தார். "அப்போ யாருக்கும் ஒண்ணுமில்லையே? சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

மூன்றாவது, பழசைப் போலவே கெட்டி ரப்பர். இதில் பாட்டு பாட்டாக வந்தது. விரல்கள்கூட வழி மறக்கவில்லை. ஆய்வாளருக்கு ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தக் கனம்? அது மட்டும் இல்லை. மேலே மெல்லிசாக இருந்தது, அடியில் தரையே இல்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் நர்ஸம்மா.

"உனக்குத் தெரியாது. டேப்புல இருக்கிற சத்தம் வேற."

சும்மா விட்டிருக்கலாம். ஆனால் ஆயுள் முழுக்க எடைக்கற்களைச் சரிபார்த்த கை சும்மா இருக்குமா? மவுத்பீஸின் நுனியை அளவுகோல் வைத்து அளந்தார். ஒரு பக்கம் மயிரிழை தடிமன் என்று தோன்றியது. நைஸ் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். அந்தப் பக்கம் சரியானதும் இந்தப் பக்கம் தடிமனாகத் தெரிந்தது. இதைத் தேய்த்ததும் அது. ரொட்டியைப் பங்கு பிரித்த குரங்கின் கதையாக, இரண்டு பக்கமும் சமமானபோது மவுத்பீஸில் பாட்டு இல்லை. விசில்தான் வந்தது.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "குக்கர் எதுவும் வைக்கலையே நான்!"

அதைப் போலவே இன்னொன்றை வாங்கி வந்தார். கடைக்காரர் காரணம் கேட்கவில்லை. அனுபவஸ்தர்.

அதிலும் அதே கதை. பாட்டு உண்டு, கனம் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆய்வாளரின் சந்தேகம் இப்போது கூடத்தின் மேல் திரும்பியது. கனம் இருக்கத்தான் செய்கிறது, வீட்டில் உள்ள மற்றச் சத்தங்கள் அதை அமுக்குகின்றன என்று முடிவு கட்டினார். நுண்தராசில் நிறுக்கும்போது அவர் அலுவலகத்தில் மின்விசிறியை நிறுத்துவார்கள், யாரும் தும்மக்கூடாது. அதே விதி வீட்டுக்கும் வந்தது.

மின்விசிறி நின்றது. பிரிட்ஜ் நின்றது. சுவர்க்கடிகாரத்திலிருந்து பேட்டரி கழன்றது.

"இந்தா, நீ அந்த ரூமுக்குப் போய் உக்காரு."

"அங்கதான் உக்காந்திருக்கேன்."

"பத்திரிகை புரட்டற சத்தம் கேக்குது."

"மூடிட்டேன்."

"இப்பவும் ஏதோ கேக்குதே."

"மூச்சு விடறேங்க. அதையும் நிறுத்தட்டுமா?"

"கொஞ்சம் மெதுவா விடு."

அவர் ஊதினார். வீடு மயானமாக இருந்தது. அந்த அமைதியில் சோப்ரானோ இன்னும் அனாதையாக ஒலித்தது. வியர்த்து விறுவிறுத்து அவர் நிறுத்தியபோது பிரிட்ஜில் பால் திரிந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கடிகாரத்துக்கு பேட்டரி போட மறந்துவிட்டார். மறுநாள் காலையில் நின்றுபோன கடிகாரத்தை நம்பி நிதானமாகப் புறப்பட்ட நர்ஸம்மா, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக டியூட்டிக்குத் தாமதமாகப் போனாள். அதுவும் ஓய்வு பெறும் வாரத்தில். அவளோ தாமதமாக வந்த பயிற்சி நர்ஸ் பிள்ளைகளை வாசலில் நிற்கவைத்துத் திட்டிப் பழகியவள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் வரிசையாக நின்று கைதட்டி வரவேற்றார்களாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்து காலணியின் வாரைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"வேண்டாங்க, விட்டுடுங்க. மிக்ஸியே குடுக்கட்டும்."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"நான் ஒரு பாட்டுதான் கேட்டேன். அதைக் கேட்டதுலேர்ந்து இந்த வீட்டுல எனக்கு மூச்சுவிட இடமில்ல. அந்த ஒத்தை ரூம்ல இருந்தப்போ இவ்வளவு நெருக்கடியா இருந்ததில்லைங்க."

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. அவள் கேட்ட ஒன்றே ஒன்று. அதையும் கேட்டிருக்கவே கூடாது என்று அவளையே நினைக்கவைத்துவிட்டோமே என்று நொந்துபோனார். ஆனால் மனிதருக்குப் பிடிவாதம். மட்டமான சத்தத்தில் அந்தப் பாட்டை வாசித்து அவளுடைய ஞாபகத்தைக் கெடுப்பதைவிட வாசிக்காமலே இருந்துவிடலாம். அவள் தெருமுனையில் கேட்டு நடையை எட்டிப்போட்ட சத்தம் அது. அதுவாக இருந்தால்தான் வாசிப்பது. நாளைக்குக் கடைசியாக ஒரு முயற்சி, பலிக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மிக்ஸிக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்.

கடைக்காரர்தான் வழி சொன்னார். "இனிமே நீங்க வாயால சொல்லி எனக்குப் புரியாது. பின்தெருவுல பழைய டேப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தற இடம் இருக்கு. அந்தப் பொண்ணுக்குக் காது பாம்புக் காது. டேப்பையும் போடுங்க, எல்லா மவுத்பீஸ்லயும் வாசிச்சுக் காட்டுங்க. எது கிட்ட வருதுன்னு சொல்லிடும்."

நர்ஸம்மாவும் கூட வந்தாள். "டேப்பு அறுந்துச்சுன்னா நீங்க மயக்கம் போட்டு விழுவீங்க. ஒரு நர்ஸ் பக்கத்துல இருக்கணும்" என்றாள். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது என்று அர்த்தம்.

ஒலிப்பதிவு அறை ஒரு லிப்ட் அளவுதான். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கழுத்தில் ஹெட்போன் தொங்க ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வெளிய பெஞ்சில உக்காரு" என்றார் ஆய்வாளர் மனைவியிடம். "இங்க மைக் ரொம்ப நுட்பம். மூச்சுச் சத்தம்கூட ஏறிடும்."

நர்ஸம்மா வெளியே போய் உட்கார்ந்தாள்.

ஆய்வாளர் வாசித்தார். அகல வாயில் வாசித்தார், அந்தப் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உலோகத்தில் வாசித்தார், அவள் ஹெட்போனைக் கழற்றினாள். கெட்டி ரப்பரில் வாசித்தார், அவள் தலை லேசாக ஆடியது. பிறகு டேப்பைப் போட்டாள்.

பெரிய ஒலிபெருக்கியில் அதை அவர் கேட்டதே இல்லை. முதல் மூச்சிலேயே அந்த ஒற்றை அறை வந்துவிட்டது. ஜன்னல் வந்தது. வாசலில் கிடந்த வெள்ளைக் காலணி வந்தது. சொட்டும் குழாய், அதற்கு அடியில் வைத்த தகரப் போணி, சாயங்கால வெயில் விழும் அந்தச் சுவரின் மூலை. கையில் காசு இல்லாத, மாதக் கடைசிக்குப் பயந்த, ஆனாலும் எதுவும் குறையென்று தோன்றாத அந்த வருஷம். அவருக்கு அழுகை வந்தது. இந்த முறை மறைத்துக்கொள்ளவில்லை.

"பாருங்க, பாருங்க, அடியில! அந்தக் கனம்! கேக்குதா?"

"கேக்குது சார்" என்றாள் அந்தப் பெண். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "ஒயர் ஒண்ணு எடுத்துக்கிட்டு வரேன்" என்று கதவைத் திறந்து வெளியே போனாள். போனவள் உடனே வரவில்லை. வந்தபோது கையில் ஒயர் இல்லை. நேரே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். அப்புறம் அவர் இன்றைக்கு வாசித்ததைக் கேட்டாள். மறுபடியும் டேப்.

ஆய்வாளர் பரீட்சை முடிவுக்கு நிற்கும் பையனைப்போல நின்றார்.

"எதுல வருது? மூணாவதுலதானே?"

"எதுலயும் வரல சார்."

"நாலாவதா ஏதாவது மவுத்பீஸ் இருந்தா?"

"எந்த மவுத்பீஸ்லயும் வராது சார்."

ஆய்வாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மடியில் வாத்தியம் கிடந்தது. "அப்போ அந்தப் பச்சையோடவே போயிடுச்சு" என்றார். "அவளுக்கு எப்படிச் சொல்லுவேன்? ஆயுசுக்கும் ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் இனிமே அப்படி வாசிக்கவே முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"நீங்க வாசிக்கிறது அன்னிக்கும் இன்னிக்கும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்றாள் அந்தப் பெண், கதவைப் பார்த்துக்கொண்டே. "டேப்புல உங்க சத்தத்துக்கு அடியில வாய்க்குள்ளயே பாடிக்கிட்டு வராங்களே, இப்பவும் வெளிய பெஞ்சில உக்காந்து அதேதான் பாடிக்கிட்டிருக்காங்க, அந்தம்மாவை எதுக்கு சார் வெளிய அனுப்பினீங்க?"